எங்கள் கோப்பின் மீது கட்சிப் பெயர் வேண்டாம்: வட கரோலினா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

வட கரோலினா பொதுச் சபையின் 50 செனட்டர்களுக்கும் 120 பிரதிநிதிகளுக்கும்,

2017 மார்ச்சில் உங்கள் அவைகள் ஒரு சட்டத்தை நிறைவேற்றின. மாநிலத்தின் விசாரணை நீதிமன்றங்களான சுப்பீரியர், டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றங்களின் நீதிபதிகளை இனிக் கட்சிப் பெயரோடுதான் வாக்குச்சீட்டில் அச்சிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆளுநர் ராய் கூப்பர் அதை வீட்டோ செய்தார். சில நாட்களுக்குள் நீங்கள் அந்த வீட்டோவை முறியடித்தீர்கள். கட்சிப் பெயர் இல்லாமல் நடந்துவந்த நீதிபதித் தேர்தலை மறுபடியும் கட்சித் தேர்தலாக மாற்றிய மாநிலம் அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் வேறு எதுவும் இல்லை. 2018 முதல் எல்லா நீதிபதித் தேர்தல்களும் அப்படித்தான் நடக்கின்றன. நீதிமன்றக் கிளார்க், ஷெரீஃப் (காவல் தலைவர்), பத்திரப் பதிவாளர் ஆகிய கவுன்டிப் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதவிகளோ அதற்கு முன்பிருந்தே கட்சிப் பெயரோடுதான் நிற்கின்றன. அவற்றைத் தொட நீங்கள் நினைத்ததே இல்லை.

இந்த ஏற்பாட்டை இனியும் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் வழக்கறிஞர் அல்ல. எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இருந்ததில்லை. இந்த மாநிலத்தில் ஒரு மகனை வளர்த்தவள், கணவரை இழந்தவள். இந்த இரண்டு காரணங்களுக்காகவும் நீதிமன்றக் கிளார்க்கின் மேசைக்கு முன்னால் நின்றவள். இதன் ஆங்கில வடிவத்தை என் தொகுதி உறுப்பினர்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் வெளியிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கேரியிலும் மாரிஸ்வில்லிலும் சார்லட்டிலும் வாழும் தமிழர் பலர் அதிபர், ஆளுநர் தேர்தல்களை உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் வரும் இந்தப் பதவிகளுக்குக் கட்சியைப் பார்த்து வட்டத்தை நிரப்பிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் வாழும் கவுன்டியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே பணியில் இருப்பவர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நீங்கள் இயற்றிய சட்டத்தின் மீதுதான் குறை.

தமிழ் வாசகர்களுக்காகக் கிளார்க் பதவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அவர் கோப்பு தூக்கும் அலுவலர் அல்லர். மாநிலத்தின் 100 கவுன்டிகளிலும் கவுன்டிக்கு ஒருவராக, நான்கு ஆண்டுகளுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் சுப்பீரியர் நீதிமன்றக் கிளார்க், நீதிபதியின் அதிகாரம் கொண்டவர். உயில் செல்லுமா என்று பார்ப்பவர் அவர். இறந்தவரின் சொத்தை யார் நிர்வகிப்பது என்று ஆணையிடுவதும், குழந்தையைத் தத்தெடுக்கும் மனுவைத் தீர்மானிப்பதும், கடன் கட்டாத வீட்டை ஏலத்துக்கு விடலாமா என்று விசாரிப்பதும் அவர் வேலை. ஜாமீன் நிர்ணயிக்கும், சிறு வழக்குகளைக் கேட்கும் மாஜிஸ்திரேட்டுகளின் பெயர்களை முன்மொழிபவரும் அவர்தான். வயது வந்த ஒருவர் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் திறன் உடையவரா, இல்லையென்றால் யார் அவருக்குக் காப்பாளர் என்று முடிவு செய்வதும் அவருடைய மேசையில்தான். இத்தனை அதிகாரம் உள்ள இந்தப் பதவிக்குச் சட்டப் படிப்புக் கட்டாயமில்லை. வாக்குச்சீட்டு அவரைப் பற்றி எங்களுக்குச் சொல்வது இரண்டே செய்திகள்: பெயர், கட்சி.

என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், அதுவரை என்னிடம் பேசிய மருத்துவர்கள் இனி அவனுடைய ஒப்புதல் இல்லாமல் பேச முடியாது என்றார்கள். அது சட்டப்படி சரிதான். ஒப்புதல் என்றால் என்ன என்று அவனுக்குப் புரியவைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. அவனுடைய பள்ளியில் ஆசிரியர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள்: காப்பாளர் உரிமை கேட்டுக் கிளார்க்கிடம் மனுப் போட வேண்டும், தாமதிக்க வேண்டாம் என்று. மனுப் போட்டேன். என் மகனின் சார்பில் பேச ஒரு வழக்கறிஞரை நியமித்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து அவனோடு தரையில் உட்கார்ந்து பேசினார். மருந்தை யார் எடுத்துத் தருகிறார்கள், கதவை யாராவது தட்டினால் என்ன செய்வாய், கையில் பணம் கொடுத்தால் அதை எங்கே வைப்பாய் என்று கேட்டார். அவன் பதில் சொன்ன கேள்விகளும் உண்டு, சொல்லாத கேள்விகளும் உண்டு. எதையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

அந்த விசாரணைக்குத் தேதி குறித்தபின் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி அக்கறையோடு கேட்ட கேள்விதான் இந்த மடலுக்கு வித்து. "நீ எந்தக் கட்சியில் பதிவு செய்திருக்கிறாய்? கிளார்க் எந்தக் கட்சி என்று தெரியுமா? உன் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தெரியுமல்லவா?"

எனக்குத் தெரியாது. இங்கே வாக்காளராகப் பதிவு செய்யும்போது ஒரு கட்சியையும் குறிப்பிடலாம். அன்று இரவு தேடிப் பார்த்தேன். மாநிலத் தேர்தல் வாரியத்தின் வாக்காளர் தேடலில் என் பெயரையும் கவுன்டியையும் இட்டதும் எல்லாம் வந்தது: முகவரி, பதிவு செய்த கட்சி, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தேன், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் (பிரைமரி) எந்தக் கட்சியின் சீட்டை வாங்கினேன் என்பது உட்பட. யாருக்கு வாக்களித்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. மற்றபடி என் அரசியல் சாய்வை அறிய விரும்பும் எவருக்கும் அரை நிமிட வேலை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கட்சியை வாக்குச்சீட்டில் அச்சிட்டது உங்கள் சட்டம். இந்தப் பக்கம் நிற்கும் என் கட்சியை யாரும் பார்க்கும்படி வைத்திருப்பதும் உங்கள் சட்டம். இடையில் இருப்பது என் மகனின் வாழ்க்கை. அவன் எங்கே தங்குவான், எந்தச் சிகிச்சையை ஏற்பான், அவன் பெயரில் உள்ள பணத்தை யார் கையாள்வார் என்பது. அங்கே தீர்க்க வேண்டிய கேள்விகளில் ஒன்றுக்கேனும் எந்தக் கட்சியின் கொள்கையோடும் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் கட்சி முத்திரை குத்தி எங்களை எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

விசாரணைக்கு முன்பே படிவம் நிரப்பி என் பதிவைக் கட்சி சாராதவர் என்று மாற்றிக்கொண்டேன். அந்தக் கட்சியின் மீது எனக்குக் கோபம் வந்து மாற்றவில்லை. பயந்துதான் மாற்றினேன். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. விசாரணை நேர்மையாகவும் கனிவாகவும் நடந்தது. என்னைப் பொதுக் காப்பாளராக நியமித்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவால் என் மகனின் வாக்குரிமை போகவில்லை. காப்பாளரின் பொறுப்பில் இருப்பவரின் வாக்கை இந்த மாநிலம் பறிப்பதில்லை. அதற்காக இந்த மாநிலத்தை மதிக்கிறேன். ஆனால் நியாயமாக நடந்த ஒரு விசாரணைக்குள் ஒரு தாய் பயந்துகொண்டு நுழைந்தாள் என்றால் அந்தப் பயத்தை உண்டாக்கிய ஏற்பாட்டுக்கு நீங்கள் பொறுப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு எனக்கு எதிராகப் போயிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? சாட்சியம் போதவில்லை என்று நினைத்திருப்பேனா, கட்சி பார்த்தார்கள் என்று நினைத்திருப்பேனா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தோற்றவரும் தீர்ப்பை நம்பும்படி இருப்பதற்குத்தானே நீதிமன்றம்?

அந்தத் தொடர்பு ஒரு நாளோடு முடிவதும் இல்லை. என் கணவர் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய சொத்து நிர்வாகம் அதே அலுவலகத்தின் வழியாகத்தான் நடந்தது. அதில் மகனுக்கு வந்த பங்குக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் கணக்குக் காட்ட வேண்டும். வரவு, செலவு, ரசீது எல்லாம் அங்கே போகும். நான் இருக்கும்வரை போகும். ஒரு தேர்தல் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கிளார்க் வேட்பாளரின் பெயர்ப் பலகையை எங்கள் புல்வெளியில் நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். நல்ல மனிதர், பனிப் புயல் வந்தபோது எங்களுக்கு மளிகை வாங்கிக் கொடுத்தவர். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருடைய வேட்பாளர் தோற்றால் என் மகனின் கோப்பு வென்றவரின் அலுவலகத்தில் இருக்குமே என்ற நினைப்புத்தான். இந்த நாட்டின் குடியுரிமை பெற்றபோது எனக்குக் கிடைத்ததாக நான் மகிழ்ந்த உரிமைகளில் ஒன்றை அப்படித்தான் விட்டுக்கொடுத்தேன். காப்பாளர்களாக இருக்கும் வேறு பெற்றோரிடம் பேசியிருக்கிறேன். வெள்ளையர், கறுப்பினத்தவர், தெலுங்கர், எல்லாரும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

கட்சிப் பெயர் வாக்காளருக்குத் தகவல் தருகிறது என்பது உங்கள் வாதம். கட்சி இல்லாத நாட்களில் மக்களுக்கு நீதிபதி வேட்பாளர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, பலர் அந்தப் பகுதியை நிரப்பாமலே விட்டார்கள் என்கிறீர்கள். அது வெறும் சாக்கு என்று நான் ஒதுக்கவில்லை. முன்பு நானும் அந்தப் பகுதியில் தடுமாறியிருக்கிறேன். ஆனால் நீங்கள் தரும் தகவல் எந்தக் கேள்விக்கு விடை? உயிலில் இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்திட்டார்களா என்பதில் குடியரசுக் கட்சியின் நிலைப்பாடு என்ன? காப்பாளர் கொடுத்த கணக்கில் நூறு டாலர் உதைக்கிறது என்றால் ஜனநாயகக் கட்சி அதை எப்படிக் கூட்டும்? பத்திரப் பதிவாளர் வீட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்கிறார், திருமண உரிமம் வழங்குகிறார். அதில் கட்சிக்கு என்ன வேலை?

ஷெரீஃப் பதவியில் உங்கள் வாதத்துக்குச் சிறிது வலு உண்டு. குடியேற்றத் துறையோடு எவ்வளவு ஒத்துழைப்பது என்பதில் ஷெரீஃபுகள் வேறுபட்டார்கள். வாக்காளர்கள் அதைக் கேட்டறிந்து வாக்களித்தார்கள். ஆனால் 2024 நவம்பரில் அந்த ஒத்துழைப்பைச் சட்டமாக்கி எல்லா ஷெரீஃபுகளுக்கும் கட்டாயமாக்கியவர்கள் நீங்களே. அந்தத் தெரிவை எடுத்துக்கொண்ட பிறகும் கட்சிப் பெயரை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள்?

தகவல் என்று நீங்கள் சொல்வது வாக்குச்சாவடி வாசலில் எப்படி இயங்குகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டிய வாக்குப்பதிவு நடந்த ஒரு சமூகக் கூடத்துக்கு வெளியே, ஒரு கட்சியின் தொண்டர், மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை நீட்டினார். அவருடைய கட்சி வேட்பாளர்களின் பெயர்கள் மட்டும் அதில் நிரப்பப்பட்டிருந்தன. டிஸ்ட்ரிக்ட் நீதிபதி வேட்பாளர் ஒருவரைச் சுட்டி, இவர் வழக்கறிஞராக இருந்தபோது குடும்ப வழக்குகள் நடத்தினாரா, குற்ற வழக்குகள் நடத்தினாரா என்று கேட்டேன். "அவர் எங்கள் கட்சிக்காரர்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. சற்றுத் தள்ளி நின்ற மற்றக் கட்சித் தொண்டரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவரிடமும் அதே பதில்தான். மணவிலக்கு, குழந்தை யாரிடம் வளர்வது, வீட்டு வன்முறைக்குப் பாதுகாப்பு ஆணை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் நீதிபதியைப் பற்றியது அந்தக் கேள்வி.

கட்சிப் பெயர் எவ்வளவு கனமானது என்று உங்களுக்கே 2018-ல் தெரிந்தது. அந்த ஆண்டுக்கு நீதிபதிகளின் முதற்கட்டத் தேர்தலை ரத்து செய்திருந்தீர்கள். மாநில உச்ச நீதிமன்ற இடம் ஒன்றுக்கு மூவர் நின்றார்கள். அவர்களில் ஒருவர், மனுத்தாக்கலுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஜனநாயகக் கட்சிப் பதிவிலிருந்து குடியரசுக் கட்சிப் பதிவுக்கு மாறியவர். அவருடைய பெயருக்கு எதிரே கட்சியை அச்சிடாமல் இருக்க நீங்கள் ஒரு சட்டமே கொண்டுவந்தீர்கள். நீதிமன்றம் அதை நிறுத்தியது. தேர்தல் நாளில் அவருக்கு நூற்றுக்குப் பதினாறு வாக்குகள் விழுந்தன. பதவியில் இருந்த குடியரசுக் கட்சி நீதிபதிக்கு முப்பத்து நான்கு. ஜனநாயகக் கட்சியின் அனிதா ஏர்ல்ஸ் ஐம்பதுக்கும் சற்றுக் குறைவாகப் பெற்று வென்றார். ஒருவர் அண்மையில் சேர்ந்த கட்சியின் பெயர் மட்டும் இத்தனை வாக்குகளை ஈர்க்கும் என்றால், வாக்காளர் எதைப் படித்து வாக்களிக்கிறார் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும். நீங்களோ அந்த ஒரு வேட்பாளரின் பெயரை மட்டும் சரிசெய்யப் பார்த்தீர்கள்.

2024-ல் நடந்ததை இங்கே விரிக்கத் தேவையில்லை. உச்ச நீதிமன்ற இடம் ஒன்றில் வித்தியாசம் 734 வாக்குகள். தோற்ற வேட்பாளர் 65,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைச் செல்லாததாக்கக் கேட்டார். மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று கட்சி வழியாகவே பிரிந்தது. 2025 மே மாதத்தில்தான், அதிபர் டிரம்ப் நியமித்த ஒரு கூட்டாட்சி நீதிபதி அந்த வாக்குகளை எண்ணியபடியே வைக்க உத்தரவிட்டு முடித்துவைத்தார். அந்த ஆறு மாதமும் செய்தித்தாள்கள் ஒவ்வொரு மாநில நீதிபதியின் பெயருக்குப் பக்கத்திலும் கட்சியைப் போட்டன. வாக்குச்சீட்டில் இருந்ததைத்தான் அவை போட்டன. மேலிடத்தில் இப்படி ஆனது கீழே கவுன்டி நீதிமன்றத்திலும் ஆகாது என்று எதை வைத்து நம்புவது?

ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1998 முதல் சுப்பீரியர் நீதிமன்றத்துக்கும், 2002 முதல் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்துக்கும், 2004 முதல் மேல் நீதிமன்றங்களுக்கும் கட்சிப் பெயர் இல்லாத தேர்தல் நடந்தது. அவற்றில் பிந்தைய இரண்டு மாற்றங்களும் உங்கள் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தபோது வந்தவை. அது உங்கள் கட்சியின் வசதிக்காகச் செய்தது என்று எதிரணியினர் சொல்கிறார்கள். இருக்கலாம். அதற்கு முன் பல தலைமுறைகளாக மாநிலம் உங்கள் கையில் இருந்தபோது, நீதிபதிகள் உங்கள் கட்சிப் பெயரோடு வென்றதில் உங்களுக்கு எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை. யாருடைய வசதிக்காக வந்தது என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அந்த ஆண்டுகளில் நீதிமன்றத்துக்குள் நுழைந்த ஒருவர், நீதிபதியின் கட்சியை அறியாமலே நுழைய முடிந்தது. எனக்கு அது போதும்.

குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மேற்கு வர்ஜீனியாவைப் பார்க்க வேண்டும். அங்கே 2004-ல் ஒரு நிலக்கரி நிறுவனத் தலைவர், தம் நிறுவனத்தின் வழக்கு மேல்முறையீட்டுக்கு வரவிருந்த நேரத்தில், உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலில் 30 லட்சம் டாலர் வரை இறைத்தார். அவர் ஆதரித்தவர் வென்றார். அந்த வழக்கிலும் அமர்ந்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னர் 2015-ல், உங்கள் கட்சி அந்த மாநிலச் சட்டமன்றத்தைக் கைப்பற்றிய உடனே செய்த வேலைகளில் ஒன்று, நீதிபதித் தேர்தல்களிலிருந்து கட்சிப் பெயரை நீக்கியது. உங்கள் கட்சியினரே செய்தது. இரண்டே ஆண்டுகளில் நீங்கள் நேரெதிராகப் போனீர்கள். தெற்கே ஜார்ஜியாவில் சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதிகள் கட்சிப் பெயர் இல்லாமல் நிற்கிறார்கள். கலிபோர்னியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், பள்ளி, கவுன்டி, நகரம் ஆகிய எல்லாப் பதவிகளையும் கட்சி சாராதவை என்று அறிவித்திருக்கிறது. ஷெரீஃபும் அதில் அடக்கம்.

வெளி மாநிலம் போவானேன்? கேரி நகர மன்றத்துக்கும் மாரிஸ்வில் நகர மன்றத்துக்கும் இந்த மாநிலத்திலேயே கட்சிப் பெயர் இல்லாமல்தான் தேர்தல் நடக்கிறது. குப்பை அள்ளவும் தெருவிளக்குப் போடவும் கட்சி வேண்டாம். என் மகனின் உரிமையை நிறுத்துப் பார்க்கக் கட்சி வேண்டுமா?

நான் பிறந்த தமிழ்நாட்டில் நீதிபதிகளை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கிராம ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தேர்தல் கட்சிச் சின்னங்கள் இல்லாமல் நடக்கிறது. கட்சிகள் பின்னாலிருந்து வேலை செய்யாமல் இல்லை; அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் சின்னம் இல்லாததால், எதிர்த்து நின்றவரும் மறுநாளே வென்றவரிடம் தம் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுப் போக முடிகிறது. கட்சியை முழுவதும் விரட்டிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். அரசே அதை அச்சடித்துக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இன்னொரு அநீதியையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் முதல் இந்த மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர்களில் பெரிய கூட்டம் கட்சி சாராதவர்கள்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களில் ஒருவர் கிளார்க் பதவிக்கு நிற்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? கட்சி வேட்பாளர் அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றைக் கட்டணமாகக் கட்டிவிட்டுப் போய்விடலாம். கட்சி சாராதவரோ, கவுன்டியில் பதிவு செய்த வாக்காளர்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேரின் கையொப்பத்தைத் திரட்டிக் கொண்டுவர வேண்டும். வேக் கவுன்டியில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறார்கள். 12,000 கையொப்பங்களுக்கு மேல் தேவை. நீதிமன்ற அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் உயில்களைப் பார்த்துத் தேறிய ஓர் ஊழியர் கட்சியில் சேராமல் அந்தப் பதவிக்கு வரவே முடியாது என்பதுதான் இதன் பொருள். ஒரு கட்சி மட்டுமே வலுவாக உள்ள கவுன்டிகளில் முடிவு மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலிலேயே ஆகிவிடுகிறது. 2024 மார்ச்சில் வாக்களிக்க வந்தவர்கள் மாநிலம் முழுவதும் சேர்த்து நான்கில் ஒரு பங்கினருக்கும் சற்றுக் குறைவு. அவர்களிலும் ஒரு கட்சியின் சீட்டை வாங்கியவர்கள் மட்டுமே அந்த முடிவை எடுக்கிறார்கள்.

கட்சி இல்லாவிட்டால் வாக்காளருக்கு வேறு என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். 2002-ல் இதே சட்டமன்றம் ஒரு வழி கண்டது. மேல் நீதிமன்ற வேட்பாளர்களுக்குப் பொது நிதி கிடைத்தது, அவர்களைப் பற்றிய கையேடு வீட்டுக்கு வீடு அஞ்சலில் வந்தது. பொது நிதியை 2013-ல் ஒழித்துவிட்டீர்கள். அந்தக் கையேட்டைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு என் கணவரும் நானும் ஒவ்வொரு பெயராகப் படித்தது நினைவிருக்கிறது. யார் எங்கே படித்தார், எத்தனை ஆண்டு வழக்காடினார், என்ன சொல்கிறார் என்று அதில் இருந்தது. கவுன்டி நீதிமன்றப் பதவிகளுக்கு அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. தகவல்தான் உங்கள் கவலை என்றால் தொடங்க வேண்டிய இடம் அது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

2017-ல் வீட்டோவை மீறி நிறைவேற்றிய அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள். சுப்பீரியர், டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத் தேர்தல்களைக் கட்சிப் பெயர் இல்லாமல் மீண்டும் நடத்துங்கள்.

சுப்பீரியர் நீதிமன்றக் கிளார்க், பத்திரப் பதிவாளர், ஷெரீஃப் பதவிகளையும் அதே சட்டத்தில் சேருங்கள். கிளார்க்கையும் ஷெரீஃபையும் கவுன்டி மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் நம் மாநில அரசியலமைப்புச் சொல்கிறது. கட்சி வேட்பாளராக நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. ஒரு சாதாரணச் சட்டமே போதும். மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய மனமில்லை என்றால் கிளார்க்கில் தொடங்குங்கள்.

கவுன்டி நீதிமன்றப் பதவிகளுக்கு நிற்கும் ஒவ்வொருவரின் படிப்பு, பணி அனுபவம், அவர்களே எழுதிய சிறு குறிப்பு ஆகியவை அடங்கிய கையேட்டை முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே எல்லா வீடுகளுக்கும் அனுப்ப மாநிலத் தேர்தல் வாரியத்துக்கு நிதி ஒதுக்குங்கள்.

இவை நடக்கும்வரை, இந்தப் பதவிகளுக்கு நிற்கும் கட்சி சாராதவர்களும் கட்சிக்காரர்களைப் போலவே கட்டணம் மட்டும் செலுத்தி மனுத்தாக்கல் செய்ய வழி விடுங்கள். கையொப்பச் சுவரை இடியுங்கள்.

காப்பாளர் வழக்கிலோ சொத்து வழக்கிலோ கிளார்க்கின் முன் நிற்பவர் விண்ணப்பித்தால், பொதுத் தேடலில் அவருடைய கட்சிப் பதிவைக் காட்டாமல் மறைக்க வகை செய்யுங்கள்.

இந்த மாற்றங்களைப் பற்றிய மசோதா வரும்போது நீதித்துறைக் குழுவின் விசாரணையில் வழக்கறிஞர்களையும் கட்சி நிர்வாகிகளையும் மட்டும் கேட்காதீர்கள். காப்பாளர்களாக இருக்கும் பெற்றோரையும், உயில் வழக்கில் நின்றவர்களையும், கிளார்க் அலுவலக ஊழியர்களையும் ஜோன்ஸ் தெருவில் உள்ள சட்டமன்றத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மகனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய எனக்கு ஒரு வார அவகாசம் வேண்டும். அழைப்பு வந்தால் வந்து சாட்சியம் சொல்கிறேன். என் தொகுதியின் செனட்டரும் பிரதிநிதியும் இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறார்கள், எவற்றை மறுக்கிறார்கள், ஏன் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ட்ரையாங்கிள் பகுதியில் வாழும், எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத ஒரு வாக்காளர், காப்பாளர்